டிராவுக்கு ஆடாதே, தம்பி

செஸ் போட்டி நடக்கும் மண்டபத்தின் வாசலில், முதல் சுற்றுக்கு முன்னால், ஒரே அறிவுரை திரும்பத் திரும்பக் காதில் விழும். பயிற்சியாளர் சொல்வார். அவர் இல்லையென்றால், நாலைந்து வருடம் மகனைப் போட்டிகளுக்கு அழைத்து வந்து தேர்ந்துபோன அப்பா ஒருவர் சொல்வார். “தம்பி, எதிர்ல உட்காரப் போறவர் ரெண்டாயிரத்து முந்நூறு. வம்பே வேண்டாம். முதல்ல ராணியை வெட்டிக்கோ. கிடைக்கிற காயையெல்லாம் வெட்டிக் குறைச்சிடு. டிரா கிடைச்சாலே நாம ஜெயிச்ச மாதிரி.” பையன் தலையாட்டிவிட்டு உள்ளே போகிறான். நாலு மணி நேரம் கழித்து, எண்ட்கேமில் ஒரு சிப்பாய் குறைவாக நின்று தோற்று வெளியே வருகிறான். “பரவாயில்லப்பா, நல்லாத்தான் தாக்குப் பிடிச்சே” என்று தோளில் தட்டுகிறார்கள். அவன் தோற்றதற்குப் பாதிக் காரணம் அந்த அறிவுரைதான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

நம்மூர் ஓப்பன் போட்டிகள் பெரும்பாலும் சுவிஸ் முறையில் நடப்பவை. முதல் சுற்றில் ரேட்டிங் வரிசையின் மேல்பாதி கீழ்ப்பாதியோடு மோதும். இருநூறு பேர் ஆடினால் முதலாமவருக்கு எதிரே நூற்றியோராமவர். ஆகவே சமமில்லாத இருவர் மோதுவது எப்போதோ நேரும் விபத்து அல்ல. வளரும் ஆட்டக்காரன் ஒவ்வொரு போட்டியிலும் சந்தித்தே ஆகவேண்டிய ஆட்டம் அது. அதற்கென்று நாம் வைத்திருக்கும் ஒரே உத்தி இந்த ‘வெட்டிக் குறை’தான் என்றால், அதை ஒருமுறையாவது உரசிப் பார்க்க வேண்டாமா?

இந்த அறிவுரை எங்கிருந்து வந்தது என்பதே வேடிக்கை. செஸ் பாடத்தில் பழைய விதி ஒன்று உண்டு: காய் கூடுதலாக வைத்திருப்பவன் காய்களை வெட்டிக் குறைக்கட்டும், காய் குறைந்தவன் சிப்பாய்களை வெட்டிக் குறைக்கட்டும். காரணம் எளிது. பலகையில் காய்கள் குறையக் குறைய, கையிலிருக்கும் சிறு மிகையின் எடை கூடும். அதாவது காய்களைக் குறைப்பது மேலே இருப்பவனுக்குச் சொன்ன பாடம். நாம் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கீழே இருப்பவனுக்கு ஓதுகிறோம். ரேட்டிங்கில் முந்நூறு புள்ளி மேலே இருப்பவரிடம் கண்ணுக்குத் தெரியாத ஒரு மிகை இருக்கிறது: எந்தச் சதுரம் முக்கியம், எந்த மந்திரி மோசம், ராஜா எப்போது நடுவுக்கு வர வேண்டும் என்ற தெளிவு. ராணிகள் பலகையில் இருக்கும்வரை அந்தத் தெளிவை ஒரு தாக்குதலோ ஒரு குழப்பமோ மறைக்கலாம். ராணிகள் போன பிறகு அதை மறைக்க எதுவுமில்லை.

இதைவிடப் பெரிய கேடு ஒன்றும் உண்டு. பலமானவரோடு ஆடத் தொடங்கும்போது வெற்றி, டிரா, தோல்வி ஆகிய மூன்று முடிவுகளும் இரு பக்கமும் திறந்திருக்கின்றன. நீ காய்களையெல்லாம் வெட்டித் தள்ளி, எந்த வெற்றி வாய்ப்பும் இல்லாத ஒரு நிலைக்கு ஆட்டத்தைக் கொண்டுபோனால், உனக்கு மிஞ்சுவது டிராவும் தோல்வியும் மட்டும். எதிரே இருப்பவருக்கு வெற்றியும் டிராவும். அவருக்கு ஆபத்தே இல்லை. வட்டிக்கு விட்டவர் கடன்காரன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொள்வதுபோல அவர் நிதானமாக உட்கார்ந்துகொள்வார். யானையை இங்கே நகர்த்துவார், அங்கே நகர்த்துவார், திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவருவார், நீ தவறு செய்கிறாயா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு நகர்வுக்கும் முப்பது விநாடி கூடிக்கொண்டே போகும் இன்றைய கடிகாரத்தில் இதற்கு முடிவும் கிடையாது. முள் கடிகாரக் காலத்தில் நேரமாவது அவரை அவசரப்படுத்தியிருக்கும். இன்று அந்த உதவியும் போயிற்று.

“எண்ட்கேம் சமம்தானே, கம்ப்யூட்டரே பூஜ்யம் என்று காட்டுகிறதே” என்பார்கள். அந்தப் பூஜ்யத்துக்கு ஒரே ஒரு பொருள்தான்: இரு பக்கமும் பிசகில்லாமல் ஆடினால் டிரா. பிசகில்லாமல் ஆடுவது யார்? 2013 நவம்பரில் சென்னையில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியை நினைத்துப் பாருங்கள். ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் ரேட்டிங்கில் ஏறத்தாழ நூறு புள்ளி இடைவெளி. முதல் நான்கு ஆட்டங்களும் டிரா. ஐந்தாவது ஆட்டத்தில் பதினைந்தாம் நகர்விலேயே ராணிகள் பலகையை விட்டுப் போய்விட்டன. பார்த்தவர்களில் பலர் அதுவும் டிராதான் என்று முடிவு கட்டியிருப்பார்கள். கார்ல்சன் விடாமல் ஆடிக்கொண்டிருந்தார், யானை எண்ட்கேமில் ஜெயித்தார். அடுத்த ஆட்டத்தில் ஆனந்துக்கு வெள்ளை. அதுவும் யானை எண்ட்கேமாகத்தான் முடிந்தது. டிராவாகவே நின்றிருந்த நிலையில், அறுபதாவது நகர்வில் ஒரு பிசகு. அத்தோடு பட்டமும் கைமாறத் தொடங்கியது. ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவருக்கு, நூறு புள்ளி இடைவெளியில், ‘சமமான’ யானை எண்ட்கேம் இவ்வளவு கடினமாக இருந்தது. ஆயிரத்து எழுநூறு ரேட்டிங்கில் இருக்கும் பன்னிரண்டு வயதுப் பையனை, அறுநூறு புள்ளி மேலிருப்பவருக்கு எதிரே, அதே இடத்துக்குப் போய் உட்காரச் சொல்கிறோம். இதற்குப் பெயர் பாதுகாப்பாம்.

இந்த அறிவுரைக்கு நேரெதிராக ஆடப்பட்ட ஆட்டம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், 1980 ஜனவரியில் ஸ்வீடனின் ஸ்காரா நகரில், ஐரோப்பிய அணிகளுக்கான சாம்பியன் போட்டியில் நடந்ததைக் காட்டுவேன். வெள்ளை அனதோலி கார்ப்போவ், அப்போதைய உலகச் சாம்பியன், சிறு மிகையை வைத்தே எதிராளியை நெரிப்பதில் பெயர்பெற்றவர். கறுப்பு இங்கிலாந்தின் டோனி மைல்ஸ். கார்ப்போவ் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். மைல்ஸ் ராணிப் பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். அடுத்த நகர்வில் பக்கத்துச் சிப்பாயை இரண்டு கட்டம். தொடக்க வகுப்பில் இப்படி ஆடினால் பயிற்சியாளர் தலையில் குட்டுவார்.

இந்த ஆட்டத்தைப் பற்றி எல்லோரும் சொல்வது, உலகச் சாம்பியனைக் கேலி செய்து நிலைகுலைய வைத்தார் என்பதுதான். கிறுக்கு நகர்வு, அதிர்ச்சி, அதிர்ஷ்டம் என்று கதை முடிந்துவிடுகிறது. பலகையில் காய்களை வைத்து ஆடிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அந்த முதல் நகர்வு செய்தது ஒன்றே ஒன்று: கார்ப்போவ் வீட்டில் தயார் செய்து வந்ததெல்லாம் பயனற்றுப் போயிற்று, இரண்டாவது நகர்விலிருந்தே அவரும் சொந்தப் புத்தியில் ஆட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு மைல்ஸ் ஆடியது மிகவும் ஒழுங்கான ஆட்டம். மந்திரியை நீண்ட மூலைவிட்டத்தில் வைத்தார். நடுச் சிப்பாயை உடைத்தார். குதிரைகளை மாற்றினார், ஆனால் சும்மா மாற்றவில்லை. அந்த மாற்றங்கள் முடிந்தபோது அவரிடம் இரண்டு மந்திரிகள், கார்ப்போவிடம் ஒரு மந்திரியும் ஒரு குதிரையும்.

கார்ப்போவ் ராஜா பக்கம் தாக்கினார். மந்திரியால் செக் வைத்துப் பின்வாங்கி, அதன் முன்னே ராணியை நிறுத்தி, மேட்டுக்கு மிரட்டினார். நம் அறிவுரைக்காரர்கள் நடுங்கிப்போகும் இடம் இதுதான். மைல்ஸ் என்ன செய்தார்? ராணியைக் கொண்டு ஒரு சிப்பாயை எடுத்தார், அதே நகர்வில் வெள்ளையின் யானையையும் மந்திரியையும் தாக்கினார். யானை விலகியதும் இன்னொரு சிப்பாயையும் எடுத்தார். கார்ப்போவ் ஒன்றைத் திரும்பப் பெற்றார். கணக்கு முடிந்தபோது கறுப்புக்கு ஒரு சிப்பாய் கூடுதல். அதற்குப் பிறகுதான், இருபத்தெட்டாவது நகர்வில், ராணிகள் மாற்றப்பட்டன. அந்த நகர்வை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். பலமானவருக்கு எதிரே ராணியை மாற்றவே கூடாது என்று நானும் சொல்லவில்லை, மைல்ஸும் ஆடிக் காட்டவில்லை. தன் கையில் மிகை வந்த பிறகு மாற்றினார், பழைய விதி சொன்னபடியே. நாற்பத்தாறாவது நகர்வில் உலகச் சாம்பியன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதை ஒளிக்க விரும்பவில்லை. 2000-இல் லண்டனில் காஸ்பரோவை விளாதிமிர் கிராம்னிக் தோற்கடித்தது எப்படி? பெர்லின் தற்காப்பு. எட்டாவது நகர்விலேயே ராணிகள் காலி. காஸ்பரோவ் முட்டி முட்டிப் பார்த்தும் அந்தச் சுவர் விழவில்லை, முழுப் போட்டியிலும் ஓர் ஆட்டம்கூட அவரால் ஜெயிக்க முடியவில்லை. இன்னும் பின்னே போனால் 1914, செயின்ட் பீட்டர்ஸ்பர்க். இமானுவேல் லாஸ்கருக்குக் காப்பாபிளாங்காவை ஜெயித்தே ஆகவேண்டிய நிலை. ஸ்பானிஷ் ஓப்பனிங்கில் மந்திரியைக் கொடுத்துக் குதிரையை வெட்டி, ராணிகளையும் சீக்கிரமே மாற்றிக்கொண்டு, ஜெயித்தும் காட்டினார்.

இரண்டும் உண்மை. இரண்டுமே என் பக்கம்தான் பேசுகின்றன. கிராம்னிக் அந்த ராணியில்லா நிலையை மாதக்கணக்கில் படித்துவிட்டு வந்தார். அது காஸ்பரோவுக்குப் பிடிக்காத வகை நிலை என்பதும் அவருக்குத் தெரியும். லாஸ்கர் மாற்றியது டிராவுக்காக அல்ல. அந்த மாற்றத்துக்குப் பின் வரும் நிலையில் கறுப்பு சுறுசுறுப்பாக ஆடியே தீரவேண்டும், காப்பாபிளாங்கா அன்று அடங்கி ஆடவே விரும்புவார் என்று கணித்தார். இருவரும் தங்களுக்கு நன்கு தெரிந்த இடத்துக்கு ஆட்டத்தை இழுத்துப் போனார்கள். நம் பையன் காய்களை வெட்டுவது ஓடுவதற்காக. எந்த இடத்துக்கு ஓடுகிறான் என்பது அவனுக்கே தெரியாது.

டிரா ஒன்றே போதும் என்று உட்கார்வது பலமான கைகளிலேயே என்ன பாடு படுகிறது என்பதற்கு 1990-இன் மணிலா இன்டர்சோனல், அதாவது உலகப் பட்டத்துக்கான தகுதிப் போட்டி, சாட்சி. கடைசிச் சுற்றில் மிகயில் குரேவிச்சுக்கு அரைப் புள்ளி கிடைத்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். கையில் வெள்ளைக் காய்கள். எதிரே நைஜல் ஷார்ட். குரேவிச் ஃபிரெஞ்சுத் தற்காப்பில் சிப்பாய்களை நடுவில் மாற்றிக்கொள்ளும் வகையைத் தேர்ந்தெடுத்தார். செஸ் உலகில் ‘டிரா வேண்டும்’ என்று வாய்விட்டுச் சொல்வதற்குச் சமமான வழி அது. தோற்றார். ஷார்ட் தேறினார், குரேவிச் வெளியே போனார். இத்தனைக்கும் குரேவிச் எந்த வகையிலும் சின்ன ஆட்டக்காரர் இல்லை.

இந்த அறிவுரைக்கு அடியில் வேறொரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. பலவீனமானவன் ஜெயிப்பதில்லை, பலமானவர் தோற்கத்தான் செய்வார் என்பது அது. அதாவது கீழே இருப்பவனின் வெற்றிக்குக் காரணம் எப்போதும் மேலே இருப்பவரின் சறுக்கல். அப்படியென்றால் வெற்றி என்பது மழை மாதிரி, வந்தால் வரும். நம் கையில் இருப்பது டிரா மட்டுமே என்ற முடிவுக்கு வருவது இயல்புதான். இந்த நம்பிக்கை பெரிய மனிதர்களிடமும் உண்டு. 2003-இல் லினாரெஸ் போட்டியில் பதினைந்து வயது தெய்மூர் ரஜபோவ் கறுப்புக் காய்களோடு காஸ்பரோவை வென்றார். ஃபிரெஞ்சுத் தற்காப்பில் நெருக்கடி முற்றியபோது, அடங்கி உட்காராமல் ஒரு குதிரையைக் கொடுத்து ஆட்டத்தைக் கலக்கினார். அதன்பிறகு காஸ்பரோவ் பிசகினார். அந்த ஆட்டத்துக்கு அழகு ஆட்டத்துக்கான பரிசு கிடைத்தபோது, நிறைவு விழா மேடையிலேயே காஸ்பரோவ் மைக்கைப் பிடித்து ஆட்சேபித்தார். தான் தோற்றதற்காக மட்டுமே அதைச் சிறந்த ஆட்டம் என்கிறார்கள் என்பது அவர் வாதம். அவர் பிசகியது உண்மை. ஆனால் குதிரையைக் கொடுக்காமல், காய்களை மாற்றிக்கொண்டு அந்தப் பையன் ஒதுங்கியிருந்தால் காஸ்பரோவ் எதில் பிசகியிருப்பார்? எளிய நிலையில் மேதை தடுக்கி விழுவது அரிது. தடுக்க ஏதாவது வழியில் இருக்க வேண்டும், அதை வைப்பது எதிராளியின் வேலை.

2023 அக்டோபரில் தோஹாவில் நடந்த கத்தார் மாஸ்டர்ஸ் ஓப்பனில் இப்படிக் கீழே இருப்பவர் மேலே இருப்பவரை வீழ்த்துவது இருமுறை நடந்தது. இரண்டாம் சுற்றில் கஜகஸ்தானின் அலிஷர் சுலைமேனோவ், ரேட்டிங் 2512, கார்ல்சனை முப்பத்தோரு நகர்வில் முடித்தார். கார்ல்சனின் ரேட்டிங் அப்போது 2839. எலோ ரேட்டிங் கணக்குப்படி நூறு ஆட்டம் ஆடினால் சுலைமேனோவுக்குக் கிடைக்க வேண்டியது ஏறத்தாழ பதின்மூன்று புள்ளிதான். அவர் எண்ட்கேம் வரை காத்திருக்கவில்லை, ராஜாவை நேரே தாக்கி விழுத்தினார். எதிராளி கையில் கடிகாரம் கட்டியிருந்தது தன் கவனத்தைக் கலைத்துவிட்டதென்று கார்ல்சன் பிறகு எழுதினார். அந்தக் குறை போட்டி அமைப்பாளர்களைப் பற்றியது, சுலைமேனோவ் நன்றாகவே ஆடினார் என்றும் சொன்னார். ஆனால் ஊர் பேசியது கடிகாரத்தைப் பற்றித்தான். ஏழாம் சுற்றில் தமிழ்நாட்டின் கார்த்திகேயன் முரளி கறுப்புக் காய்களோடு அதே கார்ல்சனை வென்றார். எல்லா ஆட்டத்துக்கும் ஒரு கடிகாரக் கதை கிடைத்துவிடாது.

ரேட்டிங் போய்விடுமே என்ற பயத்துக்கு வருவோம். உண்மையில் பெற்றோர்களை ஆட்டிப் படைப்பது இதுதான், பயிற்சியாளர்கள் பலர் அதற்குத்தான் பாட்டுப் பாடுகிறார்கள். உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் விதிப்படி, பதினெட்டு வயதாகும் ஆண்டு முடியும்வரை, 2300-க்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு ரேட்டிங் மாற்றத்தைப் பெருக்கும் எண் 40. இடைவெளி 400-க்கு மேலே எவ்வளவு இருந்தாலும் அதை 400 என்றே கணக்கில் எடுப்பார்கள். அப்போது எதிர்பார்க்கும் மதிப்பு 0.08. தோற்றால் போவது 3.2 புள்ளி. ஜெயித்தால் வருவது 36.8. மூன்று புள்ளி இரண்டுக்காகவா ஒரு பிள்ளையின் ஆட்டத்தை முடக்குகிறோம்?

இடைவெளி இருநூறு என்றால் எதிர்பார்ப்பு 0.24. வெற்றிக்கு 30.4 கூடும், டிராவுக்கு 10.4 கூடும், தோல்விக்கு 9.6 குறையும். நான்கு ஆட்டத்தில் ஒன்றை ஜெயித்து மூன்றில் தோற்றாலும் கடைசியில் 1.6 லாபம். நான்கில் இரண்டு டிரா, இரண்டு தோல்வி என்றாலும் அதே 1.6. ரேட்டிங் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். நான்கிலும் டிரா வாங்கித் தருவதாக யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். யாரும் கொடுக்க மாட்டார்கள், ஏனென்றால் டிராவுக்கு ஆடுகிறவனுக்கு எல்லா ஆட்டத்திலும் டிரா கிடைப்பதில்லை.

இதைக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு காய்களை வாரிக்கொடுத்துத் தாக்குவதுதான் மாற்று என்று யாரும் புறப்பட வேண்டாம். அது மறுமுனையின் முட்டாள்தனம், இருபது நகர்வில் முடிந்துவிடும். நான் சொல்வது அதைவிடச் சாதாரணமானது. பழகிய ஓப்பனிங்கையே ஆடு. எதிராளி பெரிய ஆள் என்பதற்காக அன்றைக்கு மட்டும் புதிதாக ஏதோ ஒரு ‘பத்திரமான’ வரிசையைப் பொறுக்காதே. நடுவில் சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நின்றால் அவசரப்பட்டு அந்த முடிச்சை அவிழ்க்காதே. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் இது யாருக்கு உதவும் என்று கேள். பதில் தெரியவில்லையென்றால் மாற்றாதே.

தோற்றுப்போனால் பிள்ளை மனம் ஒடிந்துவிடும் என்கிறார்கள். மேனுவல் ஆரோன் 1962-இல் ஸ்டாக்ஹோம் இன்டர்சோனலில் கடைசி இடத்தில் முடித்தார். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் அவர். உலகின் முதல்தர கிராண்ட்மாஸ்டர்களுக்கு நடுவே தன்னந்தனியாகப் போய் உட்கார்ந்தவர். அந்தப் போட்டியில் அவர் லாயோஸ் போர்ட்டிஷையும் வோல்ஃப்காங் உல்மனையும் வென்றார். ஆட்டத்துக்கு ஆட்டம் காய்களை வெட்டி டிரா தேடியிருந்தால் ஒருவேளை கடைசிக்கு முந்தின இடம் கிடைத்திருக்கும். அந்த இரண்டு பெயர்களும் அவர் வரலாற்றில் இருந்திருக்காது.

எதிராளியிடம் அடிக்கடி டிரா கேட்கும் பழக்கத்தையும் சேர்த்தே விடவேண்டும். திரும்பத் திரும்பக் கேட்பது எதிராளியைத் தொந்தரவு செய்வதாகும், நடுவர் எச்சரிக்கலாம். அதைவிட முக்கியமாக, பத்தாவது நகர்வில் டிரா கேட்பவன் தன் பயத்தை எதிராளிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறான். மாறாக, ரேட்டிங் கூடிய பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கையை நீட்டி, “டிரா வெச்சுக்கலாமா தம்பி?” என்று தானாகக் கேட்டால் சட்டென்று தலையாட்டக் கூடாது. இரண்டு நிமிடம் பலகையைப் பார்க்க வேண்டும். முந்நூறு புள்ளி மேலே இருப்பவர் சும்மா டிரா கேட்பதில்லை. தன் நிலை மோசமாகிறது என்று அவர் உன்னைவிட முன்பே கண்டுபிடித்திருப்பார்.